அரை ஸ்பூன் காத்து

திருச்சி டிவிஎஸ் டோல்கேட் சிக்னல். சாயங்கால நேரம். சிவப்பு விழுந்திருக்கு. முன்னாடி ஒரு டவுன் பஸ், அதுக்குப் பின்னாடி ஒரு வெள்ளை மாருதி 800, 1997 மாடல். ஓட்டுறவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல 34 வருஷம் ஃபிட்டரா இருந்து ரிடையர் ஆனவர். பிரேக் மேல கால் இருக்கு. வண்டி நிக்குது.

ஆனா கால் மட்டும் இறங்கிக்கிட்டே போகுது.

வெடுக்குன்னு விழல. கடற்கரையில ஈர மணல்ல நின்னா பாதம் தானா உள்ள போகுமே, அந்த மாதிரி. காலை எடுத்து இன்னொரு தடவை மிதிச்சா பெடல் மேல வந்து நிக்குது. பத்து எண்ணுறதுக்குள்ள மறுபடி இறங்குது. வண்டி ஒரு சாண் நகர்ந்து பஸ்ஸோட பம்பரை நெருங்கினப்பதான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். பக்கத்து சீட்ல மகள். "என்னாச்சுப்பா?"ன்னு கேட்டதுக்கு ஒரே வார்த்தைதான் சொன்னார். "மாஸ்டர்."

சரியான பதில். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறையல. நாலு சக்கரத்திலயும் கசிவு இல்ல. வெளிய எங்கயும் ஒழுகாம பெடல் மட்டும் மெதுவா இறங்குதுன்னா, ஆயில் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளயே ரப்பர் கப்பைத் தாண்டிப் பின்னாடி வழியுதுன்னு அர்த்தம். (பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா அது வேற கதை, அங்க காத்து இருக்கு. ரெண்டு மூணு தடவை மிதிச்சதும் உயரம் கூடி கெட்டியா நின்னா, பின் சக்கரத்து ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி நிக்குதான்னு முதல்ல பார்க்கணும். பெடலைக் காலால கவனிச்சுக் கேட்கத் தெரிஞ்சவருக்குப் பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும்.)

புது மாஸ்டர் வாங்கி ஒரு கடையில் கொடுத்தார். கடைப் பேர் இங்க வேண்டாம். இப்படி ஊருக்கு நாலு கடை இருக்கு, கெடுக்கணும்னு யாரும் கெடுக்கிறதும் இல்ல. பழசைக் கழட்டி, புதுசை மாட்டி, ஆயில் ஊத்தி, நாலு சக்கரத்திலயும் ஏர் எடுத்தாங்க, அதாவது உள்ள மாட்டின காத்தை வெளியேத்தினாங்க. பெடல் தரையைத் தொட்டுச்சு. மறுபடி ஏர் எடுத்தாங்க. அப்பவும் தரை. அரை லிட்டர் பாட்டில் ரெண்டு காலி. சாயங்காலம் தீர்ப்பு வந்துச்சு: "பீஸ் கெட்டது சார், வேற வாங்கிட்டு வாங்க."

வாங்கிட்டுப் போனார். மறுநாள் அதையும் மாட்டினாங்க. அதுவும் தரை.

"இப்பல்லாம் வர்ற மாலே இப்படித்தான் சார்."

இந்த வாக்கியத்தைப் பழைய வண்டி வெச்சிருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பாங்க. போலி சாமான் சந்தையில் உண்டு, இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா அடுத்தடுத்து வாங்குன ரெண்டு மாஸ்டரும் ஒரே மாதிரி கெட்டுப்போயிருக்கும்னு ஒரு ஃபிட்டரோட மனசு ஒத்துக்காது. ரெண்டு பீஸுக்கும் பொதுவா இருந்தது மாட்டின விதம் மட்டும்தான். வண்டியை இழுவை வண்டியில் ஏத்தி வீட்டுக்குக் கொண்டுவந்துட்டார். (பிரேக் இல்லாத வண்டியை "மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்"னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. அவர் கேட்கல.)

முதல் வேலையா ரெண்டு பித்தளை பிளக் தேடினார். மாஸ்டர்ல பைப் வந்து சேர்ற துளைக்கு மரை சரியாப் பொருந்துற பிளக். பைப்பைக் கழட்டிட்டு அந்தத் துளைகளை பிளக் போட்டு அடைச்சாச்சுன்னா சக்கரம், டியூப், வீல் சிலிண்டர் எல்லாம் கணக்குல இருந்து வெளிய போயிடும். மிச்சம் இருக்கிறது மாஸ்டரும் பெடலும்தான். இப்ப மிதிச்சா பெடல் கல்லு மாதிரி நிக்கணும். நின்னா மாஸ்டர் நல்லது, கோளாறு கீழ எங்கயோ. மெதுவா இறங்கினா உள்ள கப் போயிருக்கு. பஞ்சு மாதிரி அமுங்கித் திரும்பி வந்தா?

மாஸ்டருக்குள்ளயே காத்து.

அவருக்கு மூணாவதுதான் வந்துச்சு. நாலு சக்கரத்திலயும் ரெண்டு நாளா ஏர் எடுத்திருக்காங்க. காத்து உட்கார்ந்திருந்த இடத்தை யாரும் தொடவே இல்ல.

எவ்வளவு காத்து இருந்தா பெடல் இப்படிப் போகும்? மகள் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறவ, கணக்கு அவ போட்டது. துளை முக்கால் அங்குலம்னு வெச்சுக்கலாம், அதாவது 19 மில்லிமீட்டர் சொச்சம். குறுக்குப் பரப்பு சுமார் 2.85 சதுர சென்டிமீட்டர். உள்ள மாட்டியிருக்கிற காத்து 2.5 மில்லிலிட்டர், ஒரு டீஸ்பூன்ல பாதி. அதை நசுக்கவே பிஸ்டன் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் போகணும். பெடல் நெம்புகோல் 4 மடங்குன்னா, கால் மூணரை சென்டிமீட்டர் சும்மா இறங்கும். பிரேக் இன்னும் பிடிக்கவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள பெடலோட பாதித் தூரம் போயாச்சு.

அரை ஸ்பூன் காத்து, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அவர் வாழ்நாள் பூரா வேலை பார்த்தது காத்தை நம்பி ஓடுற பிரேக்ல. ரயில்ல பிரேக் பைப்ல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்துல காத்து நிறைஞ்சிருக்கும். அந்த அழுத்தம் குறைஞ்சாத்தான் பிரேக் பிடிக்கும். பெட்டி கழண்டு பைப் அறுந்தா காத்து வெளியேறி ரயில் தானா நிக்கும். அங்க காத்துதான் காவல்காரன். கார்ல அதே காத்து உள்ள வந்துட்டா பிரேக்கே கிடையாது. "34 வருஷம் காத்து வெளிய போகக்கூடாதுன்னு பார்த்தேன், இப்ப உள்ள வரக்கூடாதுன்னு பார்க்கிறேன்"னு மகள்கிட்ட சொல்லியிருக்கார்.

மாஸ்டர்ல காத்து ஏன் இப்படிப் பிடிவாதமா உட்காருது? அதுக்கு உள்ள எட்டிப் பார்க்கணும்.

ஒரே குழாய்க்குள்ள ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரெண்டு பிஸ்டன். நடுவுல ஸ்பிரிங். ரெண்டுக்கும் தனித்தனி அறை, தனித்தனி பைப். ஒரு பைப் உடைஞ்சாலும் இன்னொரு பக்கம் ரெண்டு சக்கரமாவது பிடிக்கணும்ங்கிறதுக்காகச் செஞ்சது இது. ஆரம்பத்துல இப்படி இல்ல. அமெரிக்காவுல மால்கம் லாக்ஹீட்ங்கிறவர் (விமானக் கம்பெனி ஆரம்பிச்ச ஆலன் லாக்ஹீடோட சகோதரர்) உருவாக்கின ஹைட்ராலிக் பிரேக் 1921-ல டியூசன்பர்க் மாடல் ஏ கார்ல நாலு சக்கரத்துக்கும் வந்துச்சு. அப்ப ஒரே பிஸ்டன், ஒரே சுற்று. எங்க ஒழுகினாலும் மொத்தமும் போயிடும். அதுக்கு அப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல, ஹைட்ராலிக் பிரேக் வெச்ச பெரும்பாலான கார்கள் இப்படித்தான் ஓடுச்சு. 1960-கள்லதான் ரெட்டைச் சுற்று பரவ ஆரம்பிச்சுது. 1968-லருந்து அமெரிக்காவுல புதுக் கார்களுக்கு அதைக் கட்டாயமே ஆக்கிட்டாங்க. (நம்ம ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. சென்னை பாடியில 1962-ல டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்து லூகாஸும் சேர்ந்து ஆரம்பிச்ச பிரேக்ஸ் இந்தியா, கார் பிரேக் சாமான்களை இங்கயே செய்யத் தொடங்குச்சு. அந்தக் காலத்து மெக்கானிக் வாய்ல 'கிர்லிங்'ங்கிற லூகாஸோட பிரேக் பேர் இன்னும் புழங்குறது அதனாலதான்.)

உயிரைக் காப்பாத்துற ஏற்பாடு அது, சந்தேகமே வேண்டாம். ஆனா ஏர் எடுக்கிறவனுக்கு வேலை கூடிப்போச்சு. முன் அறை தள்ளி ஒரு ஓரத்துல இருக்கு. சில வண்டியில மாஸ்டர் மூக்கைத் தூக்கின மாதிரி சாய்வா வேற உட்கார்ந்திருக்கும், காத்து அந்த மூக்கு நுனியில போய் ஒண்டிக்கும். பெடலை மிதிச்சா காத்து வெளிய போகாது, நசுங்கும். விட்டா மறுபடி விரிஞ்சு பழைய இடத்துலயே நிக்கும். கொஞ்சம் பைப்புக்குள்ள போனாலும், பைப் கீழ்நோக்கித்தானே போகுது? குமிழி மேல ஏறுற சாதி. அடுத்த மிதிக்குள்ள திரும்பி வந்துடும். சக்கரத்துக்கிட்ட காத்து வெளியேற வெச்சிருக்கிற நிப்பிளைத் திறந்து வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் காத்திருந்தாலும் அது அங்க வந்து சேராது.

அதனாலதான் புது மாஸ்டரை வண்டியில மாட்டுறதுக்கு முன்னாடியே, வெளிய வெச்சே ஏர் எடுத்துடணும். அந்தக் கடையில விட்டுப்போன வேலை இதுதான்.

வீட்டுப் பின்பக்கம் அவர்கிட்ட ஒரு பழைய பெஞ்ச் வைஸ் இருக்கு. வண்டியில இருந்த ரெண்டாவது மாஸ்டரைக் கழட்டி, படுக்கை வசத்துல, மட்டமா, அதுல பிடிச்சார். பிடிச்சது பூட்டுற காதைத்தான். உடம்பைப் பிடிச்சு இறுக்கினா உள்ள துளை நெளிஞ்சிடும், அப்புறம் நிஜமாவே கெட்ட பீஸ்தான். ரெண்டு துளையிலயும் சின்ன டியூப் மாட்டி, வளைச்சு, அதோட நுனி ஆயில் டப்பாவுக்குள்ள முங்கி இருக்கிற மாதிரி விட்டார். மெடிக்கல் கடையில வாங்குன குளுக்கோஸ் டியூப். உள்ள குமிழி ஓடுறது பளிச்சுன்னு தெரியும், மெக்கானிக்குங்க நிறையப் பேர் இதைத்தான் வெச்சிருப்பாங்க. டப்பாவில் ஆயில் ஊத்தி, பிஸ்டனோட குழியில ஒரு மழுங்கின மரக்குச்சியை வெச்சு அழுத்தினார்.

முதல் முயற்சி பாழ்.

வேகம்தான் காரணம். சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி சடசடன்னு அழுத்தினதுல ஆயில் பால் மாதிரி நுரைச்சுப்போச்சு. பெரிய குமிழி ஒண்ணு ஆயிரம் பொடிக் குமிழியாச்சு. அதை அப்படியே ஒரு மணி நேரம் விட்டு, நுரை அடங்கினதும் மறுபடி ஆரம்பிச்சார். ரெண்டாவது தடவை டியூப் துளையிலருந்து பிச்சுக்கிட்டு ஆயில் பீய்ச்சியடிச்சு சட்டை நனைஞ்சுது. டியூபைக் கொஞ்சம் தடிமனா மாத்தி, மரை போட்ட சின்ன நிப்பிள்ல சொருகினப்புறம்தான் நின்னுது.

மூணாவது தடவை நிதானம் வந்துச்சு. மெதுவா உள்ள. மெதுவா வெளிய. பதினைஞ்சு நொடி சும்மா இருக்கணும். அந்த இடைவெளி முக்கியம், டப்பாவிலருந்து ஆயில் இறங்கி அறை நிறையுறதுக்கும், குமிழி மேல ஏறுறதுக்கும் அந்த நேரம் வேணும். நடுநடுவுல ஸ்க்ரூ டிரைவர் பிடியால மாஸ்டரோட முதுகுல லேசா தட்டினார். ஒட்டிக்கிட்டிருந்த குமிழிகள் விட்டு வந்துச்சு. மூக்கை ஒரு தடவை சாய்ச்சார், ஒரு தடவை தூக்கினார். ஆரம்பத்துல டியூப்ல ரயில் பெட்டி மாதிரி வரிசையா குமிழி. அப்புறம் ஒண்ணு ரெண்டு. முப்பது தடவைக்கு மேல ஆச்சு. கடைசியில டியூப் முழுக்க சுத்தமான ஆயில்.

அந்த நேரத்துல குச்சியில ஒரு மாற்றம் தெரிஞ்சுது. அதுவரை தாராளமா போயிட்டிருந்த பிஸ்டன், பிளக் போட்டு அடைச்சு அழுத்தினா ஒரு மில்லிமீட்டரோ என்னவோ போய் அப்படியே நின்னுடுச்சு. ரெண்டு கையும் வெச்சு அழுத்தினார். அசையல. "இதுதாம்மா நல்ல மாஸ்டர்."

பழைய மாஸ்டரையும் அன்னைக்குப் பிரிச்சுப் பார்த்தார். இந்த இடத்தைப் பழைய வண்டிக்காரங்க கொஞ்சம் நின்னு படிக்கணும். துளைக்குள்ள முக்கால்வாசித் தூரம் வரைக்கும் கண்ணாடி மாதிரி பளபளப்பு. அதுக்கு அப்புறம் ஒரு கறுத்த வளையம், உப்புப் படிஞ்ச மாதிரி சொரசொரப்பு. தினசரி ஓட்டத்துல பிஸ்டன் அந்தப் பளபளப்பான தூரம்தான் போய்வரும். அதைத் தாண்டின பகுதியில் ஈரமும் அழுக்கும் வருஷக்கணக்குல அரிச்சிருக்கு. மூணு மாசம் முன்னாடி சர்வீஸ்ல பிரேக் ஆயில் மாத்தினப்ப பெடலைத் தரை வரைக்கும் அடிச்சிருக்காங்க. ரப்பர் கப் அந்த சொரசொரப்புல போய் ஓரம் கிழிஞ்சிருக்கு. நல்லா இருந்த மாஸ்டர் ஆயில் மாத்தினதுல செத்துப்போச்சு. பழைய மாஸ்டர் இருக்கிற வண்டியில ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வெச்சா, கால் அவ்வளவு தூரம் போகாது. ஒரு துண்டுக் கட்டை, அவ்வளவுதான் செலவு. புது மாஸ்டர்ல துளை பூராவும் வழவழன்னு இருக்கும், அங்க இந்தப் பயம் இல்ல.

அடுத்து வண்டியில மாட்டுறது. டியூபைக் கழட்டி, புது பீஸோட வந்த பிளாஸ்டிக் மூடியால துளையை அடைச்சுக் கொண்டுபோனார். (அந்த மூடி அழுக்கும் காத்தும் போகாம இருக்கத்தான். அதை வெச்சு அழுத்திப் பார்க்கக் கூடாது, தெறிச்சிடும்.) பைப் நட்டை முதல்ல விரலாலயே ரெண்டு மூணு சுத்து சுத்தினார். எடுத்த எடுப்புல ஸ்பேனர் போட்டா மரை தப்பி ஏறிடும், புது மாஸ்டர் அங்கயே போச்சு. முழுசா இறுக்கல. சுத்தியும் துணியைச் சுத்தி, மகளைப் பெடலை மெதுவா அழுத்தச் சொன்னார். நட் வழியா ஆயிலோட ரெண்டு மூணு குமிழி பொங்கி வந்துச்சு. பெடல் கீழ இருக்கும்போதே நட்டை இறுக்கினார், அப்புறம்தான் காலை எடுக்கச் சொன்னார். மாட்டும்போது உள்ள போன காத்து அதோட சரி.

கடையில ஏர் எடுத்தப்ப சிந்தின ஆயில் வலது பக்க ஃபெண்டர்ல ஒரு கை அகலத்துக்குப் பெயிண்ட்டைச் சுருட்டியிருந்துச்சு. பிரேக் ஆயில் பெயிண்ட்டைக் கரைச்சிடும். துடைச்சா போதாது, உடனே தண்ணி ஊத்திக் கழுவணும். தண்ணியில கரையுற சாமான் அது. அவர் இந்தத் தடவை பக்கத்துல ஒரு வாளித் தண்ணியோடதான் உட்கார்ந்தார்.

இனிமே சக்கரம். எங்க ஆரம்பிக்கிறது? மாஸ்டர்லருந்து தூரமா இருக்கிறதுல. நம்ம ஊர் வண்டியில ஸ்டீயரிங் வலது பக்கம், மாஸ்டரும் அதே பக்கம். அதனால பின்னாடி இடது, பின்னாடி வலது, முன்னாடி இடது, கடைசியா முன்னாடி வலது. (இணையத்துல இடது பக்க ஸ்டீயரிங் வண்டிக்குச் சொன்ன வரிசையை அப்படியே பார்த்துச் செய்றவங்க உண்டு, அதுல இடது வலது நமக்குத் தலைகீழ். முன் சக்கரம் இழுக்கிற வண்டிகள்ல ரெட்டைச் சுற்று பெரும்பாலும் குறுக்குக்கோடா ஓடும். அதுக்கு சில கம்பெனி புத்தகத்துல வேற வரிசை போட்டிருப்பாங்க. புத்தகம் கையில இருந்தா அது சொல்றதுதான் சட்டம்.)

பின் இடது நிப்பிள் துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு. முதல் நாள் ராத்திரியே துரு இளக்குற எண்ணெய் விட்டு வெச்சிருந்தார். ஆறு முகமும் பிடிக்கிற ரிங் ஸ்பேனர் போட்டு, லேசா தட்டித் தட்டி, இறுக்கிற பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் லூஸ் பக்கம். முறிஞ்சா வீல் சிலிண்டரையே மாத்தணும். அரை மணி நேரம் அந்த ஒரு நிப்பிளுக்கே போச்சு.

அப்பாவும் மகளும் செஞ்ச வேலையில கேட்க இனிமையா இருந்தது அவங்க பேசிக்கிட்ட முறை. முதல்ல குழப்பம்தான். அவர் "போதும்"னார், அவ காலை எடுத்துட்டா. நிப்பிள் இன்னும் திறந்திருந்துச்சு. ஒரு வாய் காத்து உள்ள போயிடுச்சு, பின் இடது மறுபடி முதல்லருந்து. அப்பதான் அவருக்கு இன்ஜின்ல டிரைவரும் உதவி டிரைவரும் சிக்னலை ஒருத்தருக்கொருத்தர் சத்தமா சொல்லிக்கிறது நினைவுக்கு வந்துச்சு. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் திருப்பிச் சொல்லணும். மூணே வார்த்தை வெச்சுக்கிட்டாங்க.

"அழுத்து!"

"அழுத்தியாச்சுப்பா!"

"பிடி!"

"பிடிச்சிருக்கேன்!"

நிப்பிளைக் கால் சுத்து திறப்பார். டியூப் வழியா ஆயில் பாட்டிலுக்குள்ள ஓடும். அவ கால் கீழ போகும், ஆனா எடுக்க மாட்டா. நிப்பிளை மூடுவார்.

"விடு!"

"விட்டாச்சு!"

"விடு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி நிப்பிள் மூடியிருக்கணும். ஏர் எடுக்கிற கலை முழுக்க இந்த ஒரு வரிக்குள்ள இருக்கு. டியூப் நுனியும் பாட்டில்ல ஆயிலுக்குள்ள முங்கியே இருக்கணும். மிதிக்கு வலு கூட்டுற பூஸ்டர் இருக்கிற வண்டியா இருந்தா இன்ஜினை அணைச்சுட்டு, நாலஞ்சு தடவை மிதிச்சு அதுல மிச்சம் இருக்கிற வேக்குவத்தைத் தீர்த்துட்டு ஆரம்பிக்கணும்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவுல டப்பாவைப் பார்த்துப் பார்த்து ஊத்தினாங்க. டப்பா ஒரு தடவை வத்தினா மாஸ்டர் காத்தை உறிஞ்சிடும். வைஸ்ல முப்பது தடவை அழுத்தின வேலையெல்லாம் ஒரு நொடியில வீண்.

முன் சக்கரம் ரெண்டும் சீக்கிரம் முடிஞ்சுது. முன்னாடி வலதுல மூணாவது அழுத்தலுக்கே குமிழி இல்ல.

பெடலைப் பார்த்தா கெட்டி. ஆனா உயரம் போதல. ரெண்டு தடவை மிதிச்சாத்தான் மேல வந்துச்சு. பலர் இந்த இடத்துல மறுபடி ஏர் எடுக்கப் போவாங்க, இன்னொரு பாட்டில் வாங்குவாங்க. அவர் பின் டிரம்மைக் கழட்டினார். ஒரு பக்கத்து அட்ஜஸ்டர் துருவுல உறைஞ்சு நின்னிருந்துச்சு. ஷூ தேயத் தேய டிரம்மை விட்டு விலகிப்போயிருக்கு, அந்த இடைவெளியை நிரப்பவே முதல் மிதி செலவாகுது. சுத்தம் பண்ணி, ஷூவை டிரம்முக்குப் பக்கத்துல கொண்டுவந்து மூடினார். அடுத்த மிதியில பெடல் பாதிக்கு மேலயே நின்னுது. மகள் முப்பது எண்ணிப் பார்த்தா. இறங்கல.

பெடலுக்கும் மாஸ்டருக்கும் நடுவுல இருக்கிற தள்ளுகம்பியையும் பார்த்தார். அதுல ஒரு பொடி இடைவெளி இருக்கணும். இல்லைன்னா பிஸ்டன் முழுசா பின்னாடி வராது. டப்பாவுக்கும் அறைக்கும் நடுவுல ஊசித் துளை மாதிரி ஒரு சின்ன வழி இருக்கு, அது அடைஞ்சே நிக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக வழி இருக்காது, பிரேக் தானா பிடிச்சுக்கும். சோதிக்கிறது சுலபம். டப்பா மூடியைத் திறந்து வெச்சு, லேசா மிதிக்கச் சொன்னா மேல்பரப்புல ஒரு சின்ன சுழிப்பு தெரியும். இங்க தெரிஞ்சுது. வழி திறந்திருக்கு.

ஆயில் பத்தி ஒரு வார்த்தை. அவர் வாங்குனது டாட் 3. புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஆனா இது ஈரத்தைக் காத்திலருந்து இழுக்கிற சாமான். 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்தா அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிடும். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. டோல்கேட் சிக்னலுக்கு 140 தாராளம். கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா அது போதாது. உள்ள தண்ணி ஆவியாகும், ஆவியும் காத்து மாதிரிதான் நசுங்கும். மேல ஏறும்போது கெட்டியா இருந்த பெடல் இறங்கும்போது தரைக்குப் போறது இப்படித்தான். அதனால ஷெட்ல பாதி பாட்டில் திறந்து கிடந்துச்சேன்னு அதை ஊத்தறது வேண்டாம். அவர்கிட்டயும் அப்படி ஒரு பாட்டில் இருந்துச்சு, அதை எடுக்கல. அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊத்துறவங்களும் இருக்காங்க, அது இதைவிடக் கொடுமை. ரப்பர் கப்பெல்லாம் ஊதிப்போய் மாஸ்டர்லருந்து வீல் சிலிண்டர் வரைக்கும் மொத்தமும் மாத்த வேண்டியிருக்கும்.

மறுநாள் விடியக்காலை ஆளில்லாத மைதானத்துல ஓட்டிப் பார்த்தாங்க. பத்து கிலோமீட்டர் வேகத்துல ஒரு தடவை, இருபதுல ஒரு தடவை, நாற்பதுல நாலு தடவை. ஒரு பக்கம் இழுக்கல. சக்கரத்துக்கிட்ட கை வெச்சுப் பார்த்தார், எதுவும் தனியா சூடாகல. வீட்டுக்கு வந்து நிப்பிள் நாலையும் பைப் நட் ரெண்டையும் பேப்பர் துண்டால ஒத்திப் பார்த்தார். காஞ்சிருந்துச்சு.

அதோட கதை முடிஞ்சிருக்கும். ஆனா டிக்கியில ஒரு அட்டைப்பெட்டி இருந்துச்சு. கடைக்காரங்க "கெட்டது"ன்னு கழட்டிக் கொடுத்த முதல் மாஸ்டர். மாட்டிக் கழட்டின சாமானை ஸ்பேர்ஸ் கடையில திரும்ப வாங்க மாட்டேன்னுட்டாங்க. அதையும் வைஸ்ல பிடிச்சார். அதே டியூப், அதே மரக்குச்சி, அதே பதினைஞ்சு நொடி. முக்கால் மணி நேரத்துல குமிழி நின்னுது. பிளக் போட்டு அடைச்சு அழுத்தினார்.

அசையல.

அதைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு மகளோட அந்தக் கடைக்கே போனார். சண்டைக்கு இல்ல. முதலாளி வெளிய போயிருந்தார். ரெண்டு நாளும் அந்த வண்டிக்கு அடியில படுத்து, கையெல்லாம் ஆயிலோட ஏர் எடுத்த பையன் மட்டும் இருந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும். பெஞ்ச் மேல மாஸ்டரை வெச்சு, "தம்பி, இதை அழுத்திப் பாரு"ன்னார்.

பையன் கட்டைவிரலை வெச்சு அழுத்தினான். போகல. குச்சியை வாங்கி ரெண்டு கையும் சேர்த்து அழுத்தினான். அப்பவும் போகல. பெட்டியைப் பார்த்தான், மறுபடி மாஸ்டரைப் பார்த்தான்.

"இது நாங்க கழட்டிக் கொடுத்ததா சார்?"

"அதேதான். வைஸ்ல பிடிச்சு, டியூப் மாட்டி ஏர் எடுத்தேன்."

பையன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அந்த டியூப் எப்படி மாட்டினீங்க சார், ஒரு தடவை காட்டுங்க."